வராமல் போன சிவப்புப் பக்கம்

அத்தியாயம் பதினான்கு

பணம் தொலைந்து ஆறு நாள் ஆகிவிட்டது. தண்டாயுதபாணியின் பனியன் கம்பெனியில் தையல் மெஷின்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஓட்டுகிறவர்களுக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான்.

போன வாரம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நூற்று நாற்பது பேருக்குக் கொடுக்க வைத்திருந்த தீபாவளி போனஸ், வியாழக்கிழமை மத்தியானம் கம்பெனியின் வங்கிக் கணக்கிலிருந்து மொத்தமாகப் போய்விட்டது. எடுத்தவன் பூட்டை உடைக்கவில்லை. வங்கியின் பக்கம் மாதிரியே இணையத்தில் ஒரு போலிப் பக்கத்தைச் செய்து, விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு மெயில் அனுப்பியிருந்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்காரும் ஜோதிகா அதைத் திறந்து பாஸ்வேர்டை அடித்தாள். முதலாளியின் மகன் தரணீதரனுடைய போனுக்கு ஓடிபி வந்தது. அவன் சாயப்பட்டறையில் நின்றபடியே ஆறு எண்களையும் அவளுக்குப் படித்துச் சொன்னான்.

படித்துச் சொன்னவனைப் பற்றி இந்த ஆறு நாளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடித்தவளைப் பற்றியே பேச்சு. முதலாளி மகனுக்கும் சம்பளக்காரிக்கும் உள்ள வித்தியாசம் இது.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் தனபால் வந்து ஜோதிகாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் தண்டாயுதபாணியும் தரணீதரனும் நின்றார்கள். சுவரோரம் ஜோதிகா. அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா காசிமாயன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இதே கம்பெனியில் பதினெட்டு வருஷமாக அயர்ன் டேபிளில் நிற்கிறவர். கூப்பிட்டு அனுப்பியதால் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்திருந்தார். கைக்குச் சும்மா நிற்கத் தெரியவில்லை. சட்டை ஓரத்தை நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தார்.

தனபால் பிரவுசரின் செட்டிங்ஸுக்குள் போனார். பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் மூன்று வட்டங்கள் இருந்தன. கூடுதல் பாதுகாப்பு, சாதாரணப் பாதுகாப்பு, பாதுகாப்பு வேண்டாம். நீலப்புள்ளி மூன்றாவது வட்டத்தில் இருந்தது.

"இங்க பாருங்க. திருட்டுப் பக்கத்துக்குள்ள போனா, முழுசாச் செவப்பா ஒரு பக்கம் வந்து, போகாதீங்கன்னு தடுக்கோணும். அதை ஆரோ நிறுத்தி வெச்சிருக்காங்க. இது ஆன்ல இருந்திருந்தா அன்னைக்குத் தடுத்திருக்கும். நூத்துக்குத் தொண்ணூறு பங்கு தடுத்திருக்குமுங்க."

தரணீதரன் சுவரோரம் திரும்பினான். "இந்தக் கம்ப்யூட்டர்ல உக்கார்றது ஆரு?"

"நாந்தான் சார். ஆனா நான் அதைத் தொட்டதே இல்ல சார்" என்றாள் ஜோதிகா. "வேலைக்குச் சேந்தப்ப நீங்கதான சொன்னீங்க? செவப்பாப் பக்கம் வந்தா கையை எடுத்துரு, வரலைன்னா பயப்படாம வேலையைப் பாருன்னு. அன்னைக்கு வரல சார்."

"எப்படி வரும்? நிறுத்தி வெச்சா எப்படி வரும்?"

"அய்யா, எம்புள்ள பொய் சொல்லாதுங்க" என்றார் காசிமாயன். சொல்லிவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு சந்தேகம் இருந்தது. ஜோதிகாவுக்கு அதுதான் அழுகையைக் கொண்டுவந்தது.

தண்டாயுதபாணி குரலை உயர்த்திப் பேசும் ஆள் இல்லை. "சாயங்காலம் போலீசுல எழுதிக் குடுத்தறலாம். தனபாலு, இதை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க."

"எடுத்தறனுங்க. அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லியிருந்தா பணத்துல கொஞ்சமாச்சும் நிறுத்தியிருக்கலாம். ஆறு நாள் ஆகிப்போச்சு." தனபால் போனைத் தேடினார். "உங்க ஊட்டுலயும் கம்ப்யூட்டர் இருந்தா இதை ஆன்ல இருக்குதான்னு பாத்துக்குங்க."

தரணீதரன் வெளியே வந்து வீட்டுக்கு போன் போட்டான்.

இங்கே வீட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தரணீதரனின் மனைவி கீர்த்தனா. எம்.காம். படித்தவள், ஏற்றுமதிப் பத்திரங்களை வீட்டிலிருந்தே சரிபார்ப்பாள். மாமியார் ராமாத்தாள். நாத்தனார் ஜனனிக்குக் கார்த்திகையில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிறது. பணம் போன சேதி அங்கே எட்டிவிடக் கூடாது என்றுதான் ஆறு நாள் புகார் கொடுக்காமல் இருந்தார்கள்.

"கீர்த்தனா, லேப்டாப்பைச் சித்த எடு" என்றான் தரணீதரன். "பிரவுசர்ல மேல மூணு புள்ளி இருக்குதல்ல, அதுல செட்டிங்ஸ் போயி, செக்யூரிட்டியைத் தொறந்து பாரு. திருட்டுப் பக்கத்துக்கு வார்னிங் குடுக்கறது ஆன்ல இருக்குதா? இங்க அந்தப் புள்ள அதை ஆஃப் பண்ணி வெச்சிருக்குது."

"எந்தப் புள்ளைங்க?"

"ஜோதிகாதான். திட்டம் போட்டுப் பண்ணியிருக்குது. சாயங்காலம் அப்பா போலீசுக்குப் போறாரு. நீ பாத்து ஆன் பண்ணிரு."

கீர்த்தனா திறந்து பார்த்தாள். நீலப்புள்ளி மூன்றாவது வட்டத்தில் இருந்தது.

அதை அங்கே வைத்தது அவள்தான்.

மூன்று வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அது. கல்யாணத் தரகர் ஜாதகப் பொருத்தம் பார்க்க ஒரு லிங்க் அனுப்பியிருந்தார். காங்கேயத்துப் பையனின் ஜாதகம் அதில் இருக்கிறது, பெண்ணின் விவரத்தைப் போட்டால் பொருத்தம் வரும் என்றார். ராமாத்தாள் விளக்கேற்றிவிட்டு, கையில் திருநீற்றோடு வந்து பக்கத்தில் நின்றாள். மணி பத்தேகால். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். கீர்த்தனா லிங்கைத் தொட்டதும் திரை முழுக்கச் சிவப்பு. இந்தத் தளம் உங்களை ஏமாற்றக்கூடும் என்று வெள்ளை எழுத்து.

"அய்யோ, நல்ல காரியம் பாக்கறப்ப இதென்ன செவப்பா" என்று மாமியார் பதறினாள். "அதை மொதல்ல எடுத்தறு கண்ணு. பத்தரைக்குள்ள பாத்தறோணும்."

எப்படி எடுப்பது என்று கீர்த்தனா போனில் தேடினாள். இரண்டு நிமிஷ வேலை. பத்து இருபதுக்குப் பொருத்தம் வந்துவிட்டது, பத்துக்கு எட்டு. ராமாத்தாள் மருமகள் வாயில் சர்க்கரை போட்டாள். நல்ல நேரம் போகவில்லை என்ற சந்தோஷத்தில், நிறுத்தியதைத் திரும்பப் போட வேண்டும் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை.

இப்போது கீர்த்தனா அவசரமாக இரண்டாவது வட்டத்தைத் தொட்டாள். புள்ளி மேலே ஏறியது. ஜோதிகாவும் இதே மாதிரி எதற்காகவாவது நிறுத்தியிருப்பாளோ என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தாள். பாவம், இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

அதே நிமிஷம் ஆபீஸில் தனபால் போட்டோ எடுக்க போனை உயர்த்தினார். உயர்த்தியவர் அப்படியே நின்றார்.

"என்னாச்சுங்க?" என்றான் அப்போதுதான் உள்ளே வந்த தரணீதரன்.

"தானா மாறிப்போச்சுங்க. மூணாவதுல இருந்த புள்ளி இப்ப ரெண்டாவதுல இருக்குது. நான் மவுசையே தொடலை." தனபால் திரையின் மேல் மூலையைப் பார்த்தார். "இந்த மெயில் ஐடி வேற எங்கியாச்சும் ஓப்பன்ல இருக்குதுங்களா? ஒரே ஐடின்னா ஒரு பக்கம் மாத்துனா எல்லாப் பக்கமும் மாறிக்கும். நிறுத்துனதும் அப்படித்தான் இருக்கோணும். வேற எடத்துல நிறுத்தி, இங்க நின்னிருக்குது."

தண்டாயுதபாணியின் குடும்பத்துக்கு மெயில் ஐடி ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டுக்கு சாம்பிள் அனுப்புவதும் அதில்தான், வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் பதிவதும் அதில்தான், குலதெய்வக் கோயில் வரி ரசீது வருவதும் அதில்தான். ஒரே குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு என்பது அவர் கொள்கை. பிள்ளைகள் பிரிந்து போகாமல் இருக்க இதுவும் ஒரு வழி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

தரணீதரன் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"ஊட்டு லேப்டாப்புல இருக்குதுங்க" என்றான் தரணீதரன், தனபாலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஜோதிகாவுக்கும் கேட்டுவிட்டது. "அப்ப நான் நிறுத்தலைன்னு தெரிஞ்சுபோச்சுல்ல சார்?"

காசிமாயனுக்கு எதுவும் புரியவில்லை. புள்ளி ஏறியது, இறங்கியது என்கிறார்களே, அது நல்லதா கெட்டதா என்று மகளைக் கேட்டார்.

"தனபாலு, நீங்க போயி டீ குடிச்சுட்டு வாங்க" என்றார் தண்டாயுதபாணி. பிறகு ஜோதிகாவிடம் திரும்பி, "நீ உங்கப்பனோட வெளிய உக்காரு சாமி. நான் பேசிக்கறேன்" என்றார். அவ்வளவு அன்பாக அவர் அவளிடம் பேசியதே இல்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு அவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வழக்கமாகக் கம்பெனிக்கே சாப்பாடு போகும். ராமாத்தாள் பரிமாறினாள். கீர்த்தனா சமையலறை வாசலில் நின்றாள்.

"அம்மிணி, அந்த லேப்டாப்புப் பொட்டியில வார்னிங்கை நிறுத்துனது நீதானா?"

"ஆமாங்க மாமா." அவள் வெள்ளிக்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் குழம்பைப் பிசைந்தபடியே கேட்டார். வீட்டில் நிறுத்தியது கம்பெனியிலும் நின்றுவிட்டது என்பதை அவர் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

"செரி. இது இந்த நாலு செவுத்துக்குள்ள இருக்கட்டும்" என்றார்.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. அதை மறைப்பானேன். தன்னைத் திட்டவில்லை, புருஷன் முகத்தைத் தூக்கிக்கொள்ளப் போவதில்லை, பிறந்த வீட்டுக்குச் சேதி போகாது. அரை நிமிஷம் அந்த நிம்மதியை அனுபவித்த பிறகுதான் ஜோதிகாவின் நினைப்பு வந்தது.

"அப்ப அந்தப் புள்ளைங்க மாமா?"

"பாஸ்வேர்டு போட்டது அதுதானே? நாம ஒண்ணும் பொய் எழுதலையே."

"வார்னிங்கை நிறுத்துனது அதுன்னு எழுதறது பொய்யுங்க."

தண்டாயுதபாணி சோற்றிலிருந்து கையை எடுத்தார். "காங்கேயத்துக்காரங்க கேட்டா என்னன்னு சொல்லுவ? உங்க பையன் ஜாதகத்தைப் பாக்கறப்பத்தான் திருடனுக்குக் கதவைத் தொறந்து உட்டோம்னு சொல்லுவியா? பொருத்தம் பாத்த நேரத்துலயே இந்தக் கம்பெனி கவுந்துபோச்சுன்னு ஒரே வார்த்தையில முடிச்சுருவாங்க. சகுனத் தடைன்னு பேரு உளுந்தா அப்பறம் ஜனனியை ஆரு கட்டுவாங்க? கம்பெனிப் புள்ள பண்ணுன திருட்டுன்னா அது வேற. எல்லாக் கம்பெனியிலயும் நடக்கறதுதான்."

"அவசரப்படுத்துனது நானுங்க. அதுக்கு என்ன தெரியும்" என்றாள் ராமாத்தாள்.

"உன்னைய ஆரும் கேக்கலை. மோர் ஊத்து."

அவள் மோர் ஊற்றினாள். முப்பத்தைந்து வருஷமாக அவர் சொல்லி அவள் ஊற்றாமல் இருந்ததில்லை.

"மாமா, இன்னொண்ணு" என்றாள் கீர்த்தனா. "அந்தப் பொருத்தம் பாத்த பக்கத்தையே செவப்பாத்தானே காட்டுச்சு. அதுல ஜனனியோட போட்டோ, போன் நம்பரு, பொறந்த தேதி எல்லாம் குடுத்திருக்கறோம். அதுவும் திருட்டுப் பக்கமா இருந்தா?"

அவர் கை தட்டிலேயே நின்றது. பிறகு எழுந்து கை கழுவப் போனார். திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார்.

மூன்று மணிக்கு ஜோதிகா போன் செய்தாள்.

"அக்கா, வீட்டு லேப்டாப்புன்னு சார் சொன்னது காதுல விழுந்துச்சு. நீங்க வேணும்னு பண்ணியிருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும். தரணி சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா. திருடின்னு பேரு வந்துட்டா இந்த ஊர்ல எந்தக் கம்பெனியிலக்கா என்னைய ஆபீஸ்ல உக்கார வைப்பாங்க? எங்கப்பாவே என்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறாரு."

"பாக்கறேன் ஜோதிகா" என்றாள் கீர்த்தனா. போனை வைத்த பிறகு, தன் குரல் அப்படியே மாமனார் குரல் மாதிரி இருந்தது என்று நினைத்துக் கூசினாள்.

மூன்றரைக்குத் தரணீதரன் போன் செய்தான். பின்னால் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"லேப்டாப்புல இருந்து கம்பெனி ஐடியை எடுத்துரு. பழசு எல்லாத்தையும் அழிச்சுரு. அந்த வெள்ளிக்கிழமை என்னென்ன பாத்தோமுங்கறது ஒண்ணும் இருக்கக் கூடாது."

"ஏனுங்க, ஓடிபியைப் படிச்சுச் சொன்னது நீங்கதானே. அதையும் எழுதியிருக்கீங்களா?"

"சொன்னதைச் செய்" என்றுவிட்டு வைத்துவிட்டான்.

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவன் சொன்னதை அவள் தட்டியதில்லை. இன்று லேப்டாப்பை மூடி, துணிப்பையில் போட்டு, ஸ்கூட்டியில் மாட்டினாள். வாசலில் ராமாத்தாள் நின்றிருந்தாள். எங்கே என்று கேட்பாள் என எதிர்பார்த்தாள். மாமியார் கேட்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டாள்.

கம்பெனிக்கு வந்து சேர்ந்தபோது மணி நான்கரை. டீ இடைவேளை முடிந்து ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒரிசாக்காரப் பையன்கள் இரண்டு பேர், இந்தத் தடவை போனஸில் ஊருக்கு என்ன வாங்கிப் போவது என்று இந்தியில் பேசிக்கொண்டு போனார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிமேல் காசிமாயன் தனியாக உட்கார்ந்திருந்தார். முதலாளியின் காரைக் காணோம்.

"மாமா எங்கீங்க?"

"போலீசு டேசனுக்குப் போயிருக்காக தாயி." அவர் முகம் காலையில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. "எல்லாம் முடிஞ்சுபோச்சு. நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். புள்ள மேல கேசு வராமப் பாத்துக்கிறேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. ஜோதிகாவையும் கூட்டிக்கிட்டுத்தான் போயிருக்காக. சும்மா ஒரு வார்த்தை கேட்டுட்டு விட்டுருவாகளாம்."

"என்ன கையெழுத்துங்க? படிச்சுப் பாத்தீங்களா?"

"இங்கிலீசுல இருந்துச்சு தாயி." அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்தார். மடிப்பு மடிப்பாக, அயர்ன் போட்ட மாதிரி மடித்து வைத்திருந்தார். "பதினெட்டு வருசமாப் பாத்த மொகம். அந்த மொகத்துல வித்தியாசமா ஒண்ணும் தெரியலையே. நம்பித்தான போடணும்?"

கீர்த்தனா வாங்கிப் படித்தாள். நான்கே வரிகள். இரண்டாவது வரியில் நின்ற கண்ணை இழுத்து மீதியையும் படித்தாள்.

"என்னன்னு எழுதியிருக்கு தாயி?"

சொல்லாமல் இருக்க அவளுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. ஒன்றுமில்லை என்று மடித்துக் கொடுத்திருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"கம்பெனி கம்ப்யூட்டர்ல வார்னிங்கை என் மகள் ஜோதிகா வேணும்னே நிறுத்தி, திருடங்களுக்கு உதவி செஞ்சா. அதை என்கிட்ட ஒத்துக்கிட்டா. இதுக்கு அப்பாவாகிய நானே சாட்சி. கீழ உங்க கையெழுத்துங்க."

காசிமாயன் எழுந்து நின்றார். அட்டைப்பெட்டி ஒன்று சரிந்து விழுந்தது. அதை எடுத்து வைக்கக் குனிந்தவர் பாதியில் விட்டுவிட்டார்.

"எம்புள்ள என்கிட்ட எதையும் ஒத்துக்கிடலையே. நான் தொடலப்பா, தொடலப்பான்னுதான் சொல்லுச்சு. காலையில இருந்து அதையேதான் சொல்லுச்சு." அவர் கை சட்டை ஓரத்தைத் தேடியது. "நாந்தான் நம்பல."

உள்ளே மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

"அப்ப அதை நிறுத்துனது யாரு தாயி?"

"நானுங்க" என்றாள் கீர்த்தனா. "எங்க ஊட்டுல, இந்த லேப்டாப்புல, நாந்தான் நிறுத்துனேன். மாமாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்ச பொறவுதான் உங்ககிட்டக் கையெழுத்து வாங்கியிருக்காரு."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தாள், திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் அந்தக் காகிதத்தை வாங்கி, முன்பிருந்த மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஸ்கூட்டியில் தொங்கிய துணிப்பையைக் கழற்றித் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"டேசனுக்கு ஓட்டுங்க" என்றார். இந்தத் தடவை அவர் தாயி என்று கூப்பிடவில்லை.